முத்தும் மகமையும்: தூத்துக்குடிக் கடற்கரையில் மக்கள் அமைப்புகள் நிலைபெறும் வழி

தூத்துக்குடி மாவட்டத்தின் கடற்கரை வடக்கே வேம்பாரில் தொடங்கித் தெற்கே பெரியதாழை வரை ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீள்கிறது. பெருந்துறைமுகம், அனல்மின் நிலையம், உப்பளங்கள், மீன்பிடி ஊர்கள் ஆகியவை அடுத்தடுத்து அமைந்த இக்கரையில், மாலை நேரப் படிப்பகம், மீன் விற்கும் பெண்களின் சங்கம், உப்பளத் தொழிலாளர் நலக்குழு, கடற்சூழல் காக்க முனையும் இளைஞர் மன்றம் போன்ற சிறு அமைப்புகள் தோன்றுவதற்கான தேவை எப்போதும் இருந்துவருகிறது. இத்தகைய அமைப்புகள் தொடங்குவது கடினமன்று. பத்து ஆண்டுகள் கழித்தும் அதே பணியைச் செய்துகொண்டிருப்பதே கடினம். தொடக்க ஆண்டின் உற்சாகம் தணிந்து, முதல் நன்கொடை செலவாகி, முன்னின்று நடத்தியவர் வேலை தேடி வெளியூர் போன பிறகும் ஓர் அமைப்பு நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை எவை என்ற கேள்வியை, இக்கடற்கரையின் சொந்த வரலாற்றை முன்வைத்தே ஆராய முடியும்.

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பெரும் செல்வம் திடீரென வந்து திடீரென மறையும் பொருளாதாரத்தை முத்துக்குளிப்பின் வழியாக இக்கரை பல நூற்றாண்டுகள் கண்டுள்ளது. சிறு தொகைகளை இடைவிடாமல் திரட்டிப் பள்ளிகளையும் சங்கங்களையும் வங்கியையும் உருவாக்கிய வணிகச் சமூகத்தின் அனுபவமும் இப்பகுதியோடு நெருங்கிய தொடர்புடையது. இவ்விரண்டையும் இன்றைய சட்டங்களோடு சேர்த்து நோக்கினால் ஒரு முடிவு தெளிவாகிறது: இளம் மக்கள் அமைப்பின் முதல் மூன்று ஆண்டுகளையும் அதன் கணக்கெழுதுபவரின் சம்பளத்தையும் அந்த மக்களே தங்கள் தொழிலிலிருந்து தாங்கவேண்டும், வெளியிலிருந்து வரும் உதவி, அந்தத் தாங்கும் திறனை வளர்க்கும் வகையில் அமைந்தால்தான் நிலைக்கும்.

முத்துக்குளிப்பு: வந்துபோகும் செல்வம்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வளரும் கடலடிப் பாறைத் திட்டுகளைக் கடலோடிகள் 'பார்' என்று அழைப்பர். தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தோலாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. பாரில் சிப்பி விளைந்திருப்பதைச் சோதித்து அறிந்த பின்னரே ஆட்சியாளர் முத்துக்குளிப்பை அறிவிப்பது வழக்கம். பாண்டியர், போர்ச்சுகீசியர், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என ஆட்சி மாறினாலும், முத்து அரசின் உரிமைப்பொருள் என்ற நிலை மாறவில்லை. ஆங்கிலேயர் காலத்தில் கரைக்கு வந்த சிப்பியில் இரண்டு பங்கை அரசும் ஒரு பங்கைக் குளியாட்களும் பெற்றனர். அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாகக் கூறுகட்டிக் கரையிலேயே ஏலம் விடப்பட்டது. குளிப்பு நடக்கும் சில வாரங்களில் கடற்கரையில் தற்காலிக ஊர் ஒன்றே எழும். வணிகர், கடன் கொடுப்போர், கடைக்காரர் அனைவரும் கூடுவர். பருவம் முடிந்ததும் அந்த ஊர் கலைந்துவிடும்.

அடுத்த குளிப்பு எப்போது என்று எவராலும் சொல்ல முடியாது. நீரோட்டம், சிப்பி தின்னும் மீன்களின் தாக்குதல், மணல் மூடுதல் போன்றவற்றால் சிப்பிகள் அழிந்து, பார்கள் பல ஆண்டுகள், சில வேளை பல பத்தாண்டுகள் வெறுமையாகக் கிடந்ததுண்டு. 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்புக்குப் பின் இவ்வளைகுடாவில் அரசு அறிவித்த முத்துக்குளிப்பு நடைபெறவேயில்லை. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் 1973-இல் செயற்கை முறையில் முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டது. அது அறிவியலின் பெரும் சாதனை என்றாலும், பழைய முத்துக்குளிப்பை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அந்தத் தொழிலை மீட்டுத் தரவில்லை. அவர்கள் சங்கு குளித்தலையும் மீன்பிடித்தலையும் துறைமுக வேலையையும் நாடினர்.

இன்றைய தொண்டு அமைப்புகள் பெறும் திட்ட நிதியின் இயல்பு முத்துக்குளிப்பின் இயல்பையே பெரிதும் ஒத்திருக்கிறது. எப்போது, எவ்வளவு, எதற்காக என்பதை வேறொருவர் தீர்மானிக்கிறார். வந்த காலத்தில் வாகனமும் அலுவலகமும் பணியாளர்களும் பெருகுகின்றனர். காலக்கெடு முடிந்ததும் அனைத்தும் ஒரே நாளில் குறைகின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரை முழுவதும் இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்டது. வீடும் படகும் வலையும் கொடுப்பதற்காக நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் கடலோர ஊர்களுக்கு வந்தன. அவற்றின் பணிகளை நிறைவேற்ற உள்ளூரில் புதிய அமைப்புகளும் முளைத்தன. மறுவாழ்வுக்கான காலக்கெடு முடிந்ததும் நிதி வேறு நாடுகளுக்கும் வேறு பேரிடர்களுக்கும் திரும்பியது. வந்த உதவி பயனற்றது என்று கூறுவது நியாயமாகாது. பலருக்கு அது வாழ்வளித்தது. ஆனால் அந்த நிதியை மட்டுமே அடித்தளமாகக் கொண்ட அமைப்புகளுக்கு அதன் பிறகு நிற்க இடமில்லாமல் போயிற்று.

மகமை: சிறுதொகையின் ஒழுங்கு

இதற்கு நேரெதிரான வழக்கம் ஒன்றைத் தென் தமிழக வணிகர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே முழுமையாக வளர்த்தெடுத்திருந்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வடக்கே சென்று சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் குடியேறிய நாடார் வணிகர்கள், வண்டிகளும் சரக்கும் பாதுகாப்பாகத் தங்குவதற்குப் பேட்டைகளை அமைத்தனர். பேட்டையைப் பயன்படுத்துவோர் சரக்கின் அளவுக்கோ வருமானத்துக்கோ ஏற்ப ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்குச் செலுத்தினர். இதுவே மகமை. இந்நிதியை உறவின்முறை என்ற ஊர்ச் சபை நிர்வகித்தது. குடும்பத் தலைவர்கள் உறுப்பினர்களாக இருந்த இச்சபையில் வசூலும் நிர்வாகமும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளப்பட்டன. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார் சமூகத்தைப் பற்றி 1969-இல் வெளியிட்ட நூலில் இந்த அமைப்பை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

மகமையின் வலிமை அதன் அளவில் இல்லை. அது வாங்கப்படும் இடத்திலும் நேரத்திலும் இருந்தது. விற்பனை நடக்கும் இடத்தில், பணம் கைமாறும் நேரத்திலேயே அது பிடிக்கப்பட்டது. எனவே கொடுப்பவர் வீட்டுக்குப் பணம் போன பிறகு கேட்டு நிற்கவேண்டிய நிலை எழவில்லை. வணிகம் வளர்ந்தால் நிதியும் வளர்ந்தது. வணிகம் சுருங்கினால் கொடுப்பவரின் சுமையும் குறைந்தது. கொடுத்தவர்களே மாறிமாறி நிர்வாகிகளாகவும் இருந்ததால், கணக்கைக் கேட்கும் உரிமையும் கணக்கைப் புரிந்துகொள்ளும் பழக்கமும் பரவலாயின. விருதுநகரில் இந்த வழியின் மற்றொரு வடிவம் தோன்றியது. வீடுதோறும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைத்து, அதைச் சேகரித்து விற்ற தொகையைக் கொண்டு பள்ளி நடத்தும் பிடி அரிசித் திட்டம் அது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டுப் பிற்காலத்தில் காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை இவ்வாறான சமூகக் கொடையால் வளர்ந்தது. கடையில்லாத வீட்டுப் பெண்களும் ஒரு பொதுப் பள்ளியின் புரவலர்களாக இதனால் மாற முடிந்தது.

இந்தச் சிறுதொகைகளின் பழக்கம் பெரிய அமைப்புகளுக்கும் வழிகோலியது. 1910-இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. அதன் 1920-ஆம் ஆண்டு மாநாடு தூத்துக்குடியில் நடந்தபோது, சமூகத்துக்கென ஒரு வங்கி வேண்டும் என்ற எண்ணம் உருப்பெற்றது. 1921 மே 11 அன்று 'நாடார் வங்கி' தூத்துக்குடியில் பதிவு செய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் செயற்படத் தொடங்கியது. 1962-இல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாற்றம் பெற்று, இன்றும் தூத்துக்குடியையே தலைமையிடமாகக் கொண்டுள்ளது. வங்கி தொண்டு நிறுவனம் அன்று. ஆயினும் பொது நிதியைக் கையாளும் பயிற்சி ஒரு சமூகத்தில் இரண்டு தலைமுறை ஊறியிருந்தால், அடுத்த நிலை நிறுவனத்தை நடத்தும் ஆட்கள் அங்கேயே கிடைப்பர் என்பதற்கு இவ்வங்கி சான்றாகிறது. அமைப்புத் திறன் என்று இன்று பேசப்படுவது இதுவே: குறிப்பேடு எழுதவும், கணக்கை ஒப்பிடவும், கூட்டம் நடத்தவும், பொறுப்பைக் கைமாற்றவும் தெரிந்த மனிதர்கள் போதிய எண்ணிக்கையில் இருத்தல்.

மகமை முறையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அது ஒரு சாதிக்குள் அடங்கிய ஏற்பாடு; கொடுக்க மறுப்பவரை ஊர்க்கட்டுப்பாட்டால் பணியவைக்கும் வலிமை உறவின்முறைக்கு இருந்தது; சபையில் பெண்களுக்கு இடமில்லை. பரதவர், முஸ்லிம்கள், நாடார்கள், தலித் மக்கள் எனப் பல சமூகத்தார் கலந்து வாழும் இன்றைய கடற்கரையில், அதே வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. தொழிலோடு இணைந்த சிறு கொடை, முறைவைத்த பொறுப்பு, கொடுத்தவர்முன் கணக்கு ஆகிய மூன்று கூறுகளை ஏற்று, சாதி எல்லையையும் கட்டாயத்தையும் விலக்குவதே பொருத்தமானது.

சுதேசிக் கப்பல்: பணம் திரண்டும் போதாத திறன்

நிதி திரட்டுவதில் வெற்றி பெற்றும் நிலைக்க முடியாமற்போன முயற்சிக்கும் தூத்துக்குடியே சான்று தருகிறது. வ. உ. சிதம்பரம் பிள்ளையின் முன்னெடுப்பில் 1906 அக்டோபரில் பதிவு செய்யப்பட்ட சுதேசிக் கப்பல் கம்பெனி, பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் 10 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்டத் திட்டமிட்டது. பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். ஹாஜி முகமது ராவுத்தர் சேட் என்ற வணிகர் மட்டும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கினார். இலாபம் பகிரும் கம்பெனியாயினும், நாட்டுப்பற்றின் அடிப்படையில் சாதி, மதம் கடந்து பொதுமக்களிடம் மூலதனம் கேட்ட முயற்சி என்பதால், மக்கள் அமைப்புகளைப் பற்றிய ஆய்வில் இதற்குரிய இடம் பெரிது.

தொடக்கத்தில் கம்பெனியிடம் சொந்தக் கப்பல் இல்லை. வாடகைக்குக் கப்பல் கொடுத்த நிறுவனம் பின்வாங்கியதும் போக்குவரத்தே தடுமாறியது. அடுத்தவர் உடைமையை நம்பியிருப்பதன் ஆபத்தை உணர்ந்த வ. உ. சி., காலியா, லாவோ என்ற இரு கப்பல்களைச் சொந்தமாக வாங்க ஏற்பாடு செய்து, 1907-இல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அதுவரை தூத்துக்குடி-கொழும்புப் பாதையில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, தன் பெருமூலதனத்தின் துணையோடு கட்டணத்தைக் கடுமையாகக் குறைத்துப் போட்டியிட்டது. நட்டத்தை நெடுநாள் தாங்கும் காப்புநிதி சுதேசிக் கம்பெனியிடம் இல்லை. மேலும், கம்பெனி நடத்தும் பொறுப்பும், கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தமும், அரசியல் கிளர்ச்சியும் ஒரே மனிதரின் தோளில் இருந்தன. 1908 மார்ச் 12 அன்று வ. உ. சி. கைது செய்யப்பட்டு, அதே ஆண்டு கொடுந்தண்டனை விதிக்கப்பட்டபின், கம்பெனி தளர்ந்து 1911-இல் கலைக்கப்பட்டது.

இம்முயற்சியின் வீழ்ச்சிக்கு முதற்காரணம் காலனிய ஆட்சியின் அடக்குமுறையே என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், இன்றைய சிறு அமைப்புகள் இதிலிருந்து இரண்டு பாடங்களைப் பெறலாம். பணம் வந்த உடனே அனைத்தையும் உடைமையிலும் பணியிலும் முடக்கிவிட்டால், எதிர்பாராத ஆறு மாதங்களைக் கடக்கக் கையிருப்பு இராது. முன்னின்று நடத்துபவர் எத்துணை அர்ப்பணிப்பு உடையவராயினும், அவர் இல்லாத நாளில் கையெழுத்திடவும் முடிவெடுக்கவும் அடுத்தவர் பழகியிருக்காவிட்டால், அந்த அமைப்பை வீழ்த்த எதிரிகள் ஒரே ஒருவரை அகற்றினால் போதும்.

மீன் ஏலமும் சங்கங்களும்

கடலோர மீனவரிடையே மகமையின் கொள்கைக்கு நெருங்கிய நவீன வடிவம் ஒன்று கேரளக் கடற்கரையில் உருவானது. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள மரியநாடு என்ற ஊரில் 1960-களில் தொடங்கிய கூட்டுறவு முயற்சியிலிருந்து வளர்ந்து, 1980-இல் உருப்பெற்ற தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஊர்ச் சங்கம், மாவட்டக் கூட்டமைப்பு, தலைமைக் கூட்டமைப்பு என்ற மூன்று அடுக்குகளைக் கொண்டது. தமிழ்நாட்டின் தென்கோடிக் கடற்கரையிலும் அது வேரூன்றியது. கடன் கொடுத்தவரிடமே மீனை விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் மீனவரின் பெருந்துயரம். முன்பணம் கொடுத்த தரகர் விலையையும் தாமே நிர்ணயிப்பார். இதை உடைக்க, மீனை ஏலம் விடும் பொறுப்பைச் சங்கமே ஏற்றது. விற்ற தொகையிலிருந்து சங்கத்தின் நடைமுறைச் செலவுக்கு ஒரு சிறு விகிதம், உறுப்பினரின் சேமிப்புக்கு ஒரு பங்கு, வாங்கிய கடனுக்கு ஒரு பங்கு பிடிக்கப்பட்டு, மீதி மீனவரின் கைக்குப் போகிறது. பிடிப்பு இல்லாத நாளில் கடன் தவணையும் இல்லை. சங்கத்தின் செயலருக்குச் சம்பளம் வெளிநாட்டுத் திட்டத்திலிருந்து வரவில்லை. மீன் ஏலத்திலிருந்து வருகிறது. ஆகையால் அவர் மீனவருக்கே பதில் சொல்லவேண்டியவர் ஆகிறார்.

பெண்களின் சுயஉதவிக் குழுக்களும் இதே நெறியில் வளர்ந்தவையே. சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் 1989-இல் தருமபுரியில் தொடங்கிய திட்டம் தமிழகம் முழுவதும் பரவியபோது, தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், தவறாமல் கடனைத் திருப்பிச் செலுத்துதல், ஒழுங்கான கணக்கேடு ஆகிய ஐந்தும் அடிப்படை விதிகளாயின. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997-இல் உருவான தானம் அறக்கட்டளை, களஞ்சியம் குழுக்களை இணைத்து வட்டாரக் கூட்டமைப்புகளாக்கி, அவற்றின் கணக்காளருக்கும் அலுவலகத்துக்கும் ஆகும் செலவை உறுப்பினர்களே படிப்படியாக ஏற்கும் நிலைக்குக் கொண்டுவர முயன்றது. துணைநிற்கும் பெரிய நிறுவனம் எந்நாளும் தாங்கிக்கொண்டிராமல், எப்போது விலகுவது என்பதைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும் என்ற கொள்கை இதன் உட்கிடை.

மன்னார் வளைகுடாவில் நடந்த முயற்சியும் கருதத்தக்கது. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடைப்பட்ட 21 தீவுகளைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் கடற்பகுதி 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு 1989-இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பாதுகாப்பு விதிகளால் வாழ்வாதாரம் சுருங்கும் மீனவக் குடும்பங்களை ஈடுபடுத்தாமல் பவளப்பாறைகளைக் காக்க இயலாது என்பது விரைவில் தெளிவாயிற்று. உலகச் சுற்றுச்சூழல் வசதி நிதியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் துணைநிற்க, தமிழக அரசு அமைத்த மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கடலோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்களை உருவாக்கி, அவற்றின் வழியே சுழல்நிதிக் கடன் வழங்கியது. கொடுத்த கடன் திரும்பி வந்து அடுத்தவருக்குப் போகும் நிதியே சுழல்நிதி. ஒருமுறை செலவாகித் தீரும் மானியத்தோடு ஒப்பிட்டால், இது ஊரிலேயே தங்கும் நிதி. ஆயினும் கணக்கும் வசூலும் ஒழுங்காக நடக்கும் ஊரில்தான் அது சுழலும். ஒழுங்கு தளர்ந்த ஊரில் அதுவும் மானியமாகவே கரையும்.

சட்டம் விடும் மூன்றாண்டு இடைவெளி

இன்று ஓர் அமைப்பைப் பதிவு செய்ய மூன்று வழிகள் உள்ளன. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கம் அமைக்கலாம். அறக்கட்டளை ஆவணம் எழுதிப் பதிவு செய்யலாம். அல்லது 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற கம்பெனி தொடங்கலாம். வருமான வரிச்சட்டத்தில் பொதுவாக 12ஏ என்று வழங்கும் பதிவு அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தருகிறது; 80ஜி என்று வழங்கும் பதிவு நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தருகிறது. புதிய அமைப்புக்கு இவை முதலில் தற்காலிகமாக மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கின்றன.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கும் இதே காலக்கணக்கு உண்டு. நிறுவனங்கள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதல், 5 கோடி ரூபாய் நிகர இலாபம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்; தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் வேண்டும். துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் கொண்ட தூத்துக்குடிக்கு இது பெரும் வாய்ப்பு. ஆனால் அந்நிதியைப் பெற்றுப் பணி செய்யும் தன்னார்வ அமைப்பு, அதே வகைப் பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் காட்டவேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறவும் மூன்று ஆண்டு இருப்பும், அந்த மூன்று ஆண்டுகளில் அடிப்படைப் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவிட்டமைக்கான சான்றும் தேவை. அச்சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம், ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நிதியை மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடைசெய்து, நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. முன்னர்ப் பெரிய நிறுவனத்தின் வழியே ஊர் அமைப்புக்குக் கசிந்துவந்த பணத்தின் பாதையும் இதனால் அடைபட்டது.

ஆக, பெருநிறுவன நிதி, வெளிநாட்டு நிதி ஆகிய இரு வாயில்களும் மூன்றாண்டு வாழ்ந்து காட்டிய பிறகே திறக்கின்றன. திறந்த பின்னும் அவை பெரும்பாலும் பணியின் செலவைத்தான் தருகின்றன, பணியை நடத்துபவரின் செலவைத் தயக்கத்தோடே ஏற்கின்றன. அந்த இடைவெளியை எந்தப் பணம் நிரப்பும் என்ற கேள்விக்கு விடை சொல்லாமல், விண்ணப்பம் எழுதும் பயிற்சியை மட்டும் இளம் அமைப்புகளுக்குக் கொடுப்பது உண்மையான உதவி ஆகாது.

ஒரு கணக்கு

மகமை வழி இன்று எவ்வளவு தாங்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் அளந்து பார்க்கலாம். 150 நாட்டுப்படகுகள் உள்ள ஓர் ஊரில், கடலுக்குப் போகும் நாளில் படகுக்கு 20 ரூபாய் வீதம் ஏலக்கூடத்திலேயே வசூலிக்க ஊரார் விருப்பத்தோடு முடிவெடுப்பதாகக் கொள்வோம். காற்றும் மழையும் பழுதும் போக ஆண்டுக்கு 200 நாள் தொழில் நடந்தால், நாளொன்றுக்கு 3,000 ரூபாயாக ஆண்டில் 6 லட்சம் ரூபாய் சேரும். கணக்கெழுதும் பணியாளருக்கு மாதம் 15,000 ரூபாய் வீதம் 1,80,000 ரூபாய். வாடகை, தணிக்கை, பயணம், தொலைபேசி ஆகியவற்றுக்கு 1,20,000 ரூபாய். காப்புநிதிக்கு 1,00,000 ரூபாய். இவை போக 2,00,000 ரூபாய் படிப்பகத்துக்கோ பெண்களின் குளிர்பதனப் பெட்டிகளுக்கோ கிடைக்கும்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. மூன்று ஆண்டுகளில் அடிப்படைப் பணிக்குச் செலவாவது 6 லட்சம் மட்டுமே என்பதால், வெளிநாட்டு நிதிக்கான 15 லட்ச வரம்பை இவ்வமைப்பு எட்டாது. அந்தக் கனவில் காலம் கழிப்பது வீண். அதே நேரத்தில், ஒரு முழுநேரப் பணியாளரையும் தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கையும் மூன்று லட்சம் ரூபாய்க் காப்புநிதியையும் எவரிடமும் கையேந்தாமல் அது பெற்றுவிடுகிறது. அருகிலுள்ள நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதிக்கு விண்ணப்பிக்க அதற்கு முழுத் தகுதி உண்டு. மறுக்கப்பட்டாலும் அது மூடப்படாது.

எல்லாத் தொழிலுக்கும் ஒரே விகிதம் பொருந்தாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறது. உப்பளத் தொழிலாளருக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் வேலையற்ற காலம். அந்த மழை மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கிவருகிறது. இத்தகையோரிடம் மாதச் சந்தா கேட்பது அவர்களை அமைப்பிலிருந்து வெளியேற்றுவதாகும். வேலை நடக்கும் மாதங்களில் மட்டும், கூலி வாங்கும் நாளில், இயன்ற சிறுதொகை என்பதே நியாயம். தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்கள் பணமாகக் கொடுக்க இயலாவிடில், பிடி அரிசி காட்டிய வழியில் பொருளாகவோ உழைப்பாகவோ கொடுப்பதையும் கணக்கில் பதிந்து, அவர்களுக்கும் முழு வாக்குரிமை தரவேண்டும்.

திறன் என்பதன் உள்ளடக்கம்

நிதி வரும் வழி அமைந்த பின், அதைக் காக்கும் பழக்கங்களே அமைப்பின் திறனாகின்றன. அவற்றுள் முதலானது ரசீது. எண்ணிட்ட ரசீதுப் புத்தகம், அடிக்கட்டை, அன்றாட வரவேடு, மறுநாளே வங்கியில் செலுத்திய சீட்டு ஆகிய நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போனால், படிப்பறிவு குறைந்த உறுப்பினரும் தன் 20 ரூபாய் எங்கே போயிற்று என்று தொட்டுக் காட்ட முடியும். மாதம் ஒருமுறை வரவையும் செலவையும் ஏலக்கூடத்துச் சுவரில் எழுதிவைத்து, அனைவர் முன்னும் வாய்விட்டுப் படித்தால், ஆண்டுத் தணிக்கையாளர் வருவதற்கு முன்பே பிழைகள் வெளிப்பட்டுவிடும். வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, அவர்களுள் ஒருவர் பெண், இருவரும் ஒரே குடும்பத்தார் அல்லர் என்ற விதி எளியது. ஆனால் பல சண்டைகளை முன்கூட்டியே தடுக்கும்.

இரண்டாவது, பொறுப்பைக் கைமாற்றும் பழக்கம். செயலர், பொருளாளர் பதவிகளுக்குக் காலவரம்பு வைத்து, அடுத்து வரவிருப்பவர் ஓராண்டு உடனிருந்து கற்கும்படி செய்தல் வேண்டும். தீர்மானப் புத்தகமும் கடவுச்சொற்களும் அரசு அலுவலகக் கடிதங்களும் ஒருவர் வீட்டு அலமாரியில் முடங்காமல் அமைப்பின் இடத்தில் இருக்கவேண்டும். மூன்றாவது, காப்புநிதி. ஆறு மாத நடைமுறைச் செலவுக்கு இணையான தொகை சேரும்வரை ஒவ்வோர் ஆண்டும் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். பெற்ற வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டு 15 விழுக்காட்டைச் சேமிக்க வரிச்சட்டம் இடமளிப்பதால், அந்த வரம்புக்குள் ஒதுக்குவது சட்டத்துக்கும் உட்பட்டதே.

நான்காவது, மறுக்கும் உரிமை. தூத்துக்குடியில் இது வெறும் கொள்கைப் பேச்சு அன்று. தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே மாதத்தில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்த நகரம் இது. தொழிற்சாலைகள் தரும் வேலையும் நன்கொடையும் ஒருபுறமும், காற்றும் நீரும் கடலும் பற்றிய அச்சம் மறுபுறமும் இருக்கும் ஊரில், யாரிடம் பணம் பெறுவது என்பதை உறுப்பினர் பேரவையே முடிவுசெய்ய வேண்டும். எந்தத் தனி நன்கொடையாளரின் பங்கும் ஆண்டு வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று விதியில் எழுதிவைக்கும் அமைப்பு, அந்த நன்கொடையாளர் விலகினாலும், அவரை எதிர்த்துப் பேசவேண்டிய நாள் வந்தாலும் தன் காலில் நிற்கும்.

துணைநிற்போரின் கடமை

இளம் அமைப்புகளுக்கு உதவ விரும்பும் பெரிய அறக்கட்டளைகள், கல்லூரிகள், ஓய்வுபெற்ற வங்கியாளர்கள், நிறுவனங்கள் அனைவருக்கும் இவ்வாய்விலிருந்து ஒரு தெளிவான பணி கிடைக்கிறது. கட்டடத்துக்கும் விழாவுக்கும் பெயர்ப்பலகைக்கும் பணம் தருவதற்கு முன், கணக்கெழுதுபவரின் சம்பளத்தை முதல் ஆண்டு முழுமையாகவும், இரண்டாம் ஆண்டு பாதியாகவும், மூன்றாம் ஆண்டு கால் பங்காகவும் ஏற்று, குறையும் பங்கை ஊரார் நிரப்பும்படி எழுத்தில் உடன்படிக்கை செய்யலாம். தூத்துக்குடியிலுள்ள மீன்வளக் கல்லூரியும் பிற கல்லூரிகளும் தம் மாணவர்களைக் கணக்கேடு பழக்கும் பணிக்கு அனுப்பலாம். ஓய்வுபெற்ற தணிக்கையாளர்கள் ஆண்டுக்கு இருமுறை இலவசமாகக் கணக்கு பார்த்துத் தரலாம். நிறுவனங்கள் ஓராண்டுத் திட்டங்களுக்குப் பதிலாக மூன்றாண்டு உறுதி தந்து, பணிச்செலவோடு அதை நடத்தும் நியாயமான நிர்வாகச் செலவையும் சேர்த்தே கொடுக்கலாம்.

பெரும் நிதி வந்த காலங்களை மட்டும் எண்ணி இக்கடற்கரையின் வளத்தை மதிப்பிடுவது பிழை. முத்துக்குளிப்பு முடிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், பேட்டையில் பிடித்த சிறுதொகைகளின் பழக்கத்திலிருந்து எழுந்த பள்ளிகளும் வங்கியும் நிற்கின்றன. தன் மக்களிடம் முதலில் கேட்கவும், வாங்கிய ஒவ்வொரு ரூபாய்க்கும் அவர்கள் முன்னிலையில் கணக்குச் சொல்லவும் ஓர் இளம் அமைப்பு முதல் மாதத்திலேயே துணிந்தால், அரசும் நிறுவனங்களும் தரும் உதவி அதன் பணியைப் பெருக்கும். அந்த உதவி நின்றுபோகும் ஆண்டிலும் படிப்பகத்தின் கதவைத் திறக்கவும் சங்கத்தின் கூட்டத்தைக் கூட்டவும் தேவையான பணமும் ஆளும் ஊரிலேயே இருக்கும்.